உறையாத தண்ணீர்

அத்தியாயம் 4

பேராசிரியரின் அறையில் நாற்காலிகள் இரண்டு வகை. அவர் உட்காருவது சுழலும். எதிரில் உட்காருபவர்களுடையது ஆடும்.

ஆடும் நாற்காலிகளில் சல்லடையும் வாலும் உட்கார்ந்திருந்தார்கள்.

சல்லடை பதினெட்டு வருடம் பரீட்சைக் கூடங்களில் பறக்கும் படையில் இருந்தவர். காப்பி அடிப்பவன் பேனாவைத் திறக்கும் விதத்திலேயே அவனைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பேர். மாணவர்கள் வைத்த பட்டப்பெயரையே பிறகு துப்பறியும் நிறுவனத்துக்கும் வைத்துக்கொண்டார். வால் அவருடைய கணவரின் தம்பி, முப்பத்தொரு வயது. சட்டப் படிப்பை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் சட்டப்படி வெளியேற்றப்பட்டவன். அண்ணி எங்கே போனாலும் பின்னால் போவதால் வால்.

பேராசிரியர் மேசை மேல் இரண்டு பக்கத் தாளை நகர்த்தினார்.

"இதுதான் உங்க விசாரணை அறிக்கை."

சல்லடை தாளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே முக்கால்.

"நாங்க வந்து அஞ்சு நிமிஷம்தான் சார் ஆகுது. இன்னும் யாரையும் விசாரிக்கல."

"அதுக்கென்ன மேடம், சாயங்காலம் நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு. வெளியாள் யாராவது விசாரிச்சிருக்கணும்னு ரூல். முடிவை நானே டைப் பண்ணிட்டேன். அதுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் ஆதாரம் சேர்த்து, கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

"சார், நீங்க ஆராய்ச்சியும் இப்படித்தான் பண்ணுவீங்களா?" என்றான் வால்.

"நேரம் மிச்சமாகும் தம்பி," என்றார் பேராசிரியர், பாராட்டாகவே எடுத்துக்கொண்டு.

விஷயம் இதுதான். ஒரு பூஞ்சை ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சை நுரையீரல் புற்றுக்கட்டியின் செல்கள் மேல் விட்டால் என்ன ஆகிறது என்று கண்டுபிடித்தவர் பேராசிரியர். அதைக் கட்டுரையாக வெளியிட்டதற்கு ஒரு விருது, ஒரு பொன்னாடை, நான்கு வெளிநாட்டுப் பயணம். ஆனால் அவருடைய ஆராய்ச்சி மாணவி இரண்டு வருடமாக அதே சோதனையைச் செய்து, "சார், எனக்கு அப்படி வரல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் நஞ்சில் ஏதோ கலப்படம் செய்துவிட்டாள் என்பது பேராசிரியரின் கட்சி. நஞ்சைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் நஞ்சுக் குப்பியையே காணவில்லை.

"மாட்டிக்குவோம்னு பயந்து அவளே ஒளிச்சிட்டா," என்றார் பேராசிரியர். "நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. அஞ்சு வருஷப் படிப்பு இன்னியோட ரத்து. ரெண்டாம் பக்கம் கடைசிப் பாராவுல போட்டிருக்கேன் பாருங்க, 'மிகுந்த வருத்தத்துடன்'னு."

"வருத்தத்தையும் நீங்களே டைப் பண்ணிட்டீங்களா? ரொம்ப உபகாரம்," என்றான் வால்.

சல்லடை எழுந்து சுவருக்குப் போனார். அங்கே சட்டம் போட்ட மூன்று புகைப்படங்கள் வரிசையாகத் தொங்கின. கறுப்பு வெள்ளை. பேராசிரியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவரும் எழுந்து வந்தார்.

"முதல் படம், நஞ்சு படாத புற்றுச் செல். பார்த்தீங்களா, பொரிச்ச முட்டை மாதிரி பரந்து படுத்திருக்கு. ரெண்டாவது, நஞ்சு விட்டு அரை மணி நேரம். சுருங்கி, கை கால் எல்லாம் குச்சியாகி, நசுக்கின சிலந்தி மாதிரி ஆயிடுச்சு. மூணாவது படம்தான் முக்கியம். நஞ்சைச் சுத்தமாக் கழுவிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தது. அப்பவும் சிலந்திதான்! மீளவே இல்லை. ஒரு தடவை விழுந்தா விழுந்ததுதான். அந்த மூணாவது படத்துக்குத்தான் மேடம் விருதே."

சல்லடை கைக்குட்டையை எடுத்து மூன்று படங்களின் கண்ணாடியையும் துடைத்தார். முதல் இரண்டையும் எட்டித் துடைத்தார். மூன்றாவதைக் குனிந்து துடைத்தார். கைக்குட்டையைப் பார்த்தார். அழுக்கு எதுவும் ஒட்டவில்லை.

"அண்ணி, நம்ம ஃபீஸ்ல இதுவும் சேர்த்தியா?" என்றான் வால். "அப்படின்னா ஜன்னலையும் துடைச்சுக் குடுத்துடலாம்."

"வாயை மூடிட்டு வா," என்றார் சல்லடை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சார், ஆய்வுக்கூடத்தைப் பார்க்கணும்."

"எதுக்கு?" என்றார் பேராசிரியர், உண்மையிலேயே புரியாமல்.

*

ஆய்வுக்கூடம் நீளமான அறை. நடுவில் மேசைகள், மேசை மேல் குடுவைகள், குடுவைகளுக்கு நடுவே யாருடையதோ சாப்பாட்டு டப்பா. சுவரில் 'இங்கே உண்ணக் கூடாது' என்ற அறிவிப்பு. அறிவிப்பின் மூலையில் குழம்புக் கறை.

கோடியில் ஆள் உயர ஃப்ரீசர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் எதிரே ஸ்டூல் போட்டு ஆய்வக உதவியாளர் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். எல்லோருக்கும் ஃப்ரீசர் அக்கா.

நுண்ணோக்கியின் முன்னால் அந்த மாணவி. அவளுக்கும் பட்டப்பெயர் உண்டு: அஞ்சாம் வருஷம். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் ரப்பர் உறை. துப்பறிபவர்கள் என்று சொன்னதும் உறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"எதுக்கும்மா கையை நீட்டுற?"

"விலங்கு போடத்தானே வந்திருக்கீங்க?"

"விலங்கு விலை ஏறிப்போச்சு," என்றான் வால். "நாங்க இப்ப வெறும் கேள்விதான் கேக்கறோம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கையை இறக்கினாள்.

"நஞ்சு என்னதான் பண்ணும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார் சல்லடை. "இவனுக்குப் புரியற மாதிரி வேண்டாம், நாலு மணிக்குள்ள முடியாது."

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மெல்லிசா இழை இழையா இருக்கும் மேடம். கூடாரத்தை இழுத்துக் கட்டுற கயிறு மாதிரி. அதுதான் செல்லுக்கு உருவம் குடுக்குது. இந்தப் பூஞ்சை நஞ்சு உள்ள போனா அந்த இழையெல்லாம் துண்டு துண்டாயிடும். கயிறு அறுந்தா கூடாரம் என்ன ஆகும்?"

"உள்ள இருக்கறவன் மேலயே விழும்," என்றான் வால்.

"அதேதான். செல் சுருங்கிடும். ஆனா சாகாது. நஞ்சைக் கழுவிட்டா, உள்ள கிடக்கற துண்டுங்க திரும்பவும் சேர்ந்து இழையாயிடும். முக்கால் மணி நேரத்துல எழுந்து உட்கார்ந்துடும். நான் இருபத்தெட்டு தடவை பண்ணிட்டேன். இருபத்தெட்டு தடவையும் எழுந்துடுச்சு."

"சார் படத்துல எழலையே?"

"அதான் மேடம் எனக்கும் புரியல." "சாருக்கு அடுத்த திட்டம் இதை மருந்தாக்கறது. முதல்ல எலிக்கு, அப்புறம் மனுஷங்களுக்கு. விழுந்த கட்டி எழாதுன்னு நம்பி ஒருத்தருக்கு ஊசி போட்டா, ஊசியை நிறுத்தின அன்னிக்கே கட்டி எழுந்து உட்காரும். நோயாளிதான் எழுந்திருக்க மாட்டார். இதைச் சொன்னதுக்குத்தான் நான் கலப்படக்காரி."

சல்லடை நுண்ணோக்கியோடு இணைத்திருந்த திரையைப் பார்த்தார். பொரித்த முட்டைகள் பரந்து கிடந்தன. வலது மேல் மூலையில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

"இது என்ன, இதுவும் செல்லா?"

"அது கேமராவுக்குள்ள விழுந்த தூசி மேடம். கேமரா வந்த மாசமே விழுந்துச்சு. இந்த லேப்ல எந்தப் படம் எடுத்தாலும் அந்த மூலைல அது இருக்கும். சர்வீஸ்காரர் வரேன்னு சொல்லி நாலு வருஷம் ஆச்சு."

"வரட்டும், அவசரமில்ல," என்றார் சல்லடை. அப்படியே ஃப்ரீசர் பக்கம் திரும்பினார். "அக்கா, கொஞ்சம் திறந்து காட்டுங்க."

ஃப்ரீசர் அக்கா ஸ்டூலை விட்டு எழவில்லை. "அதுல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா ஸ்டூல் போட்டுக் காவல் இருக்கீங்க?" என்றான் வால்.

வேறு வழியில்லாமல் திறந்தார். வெண்புகை கிளம்பியது. உள்ளே அடுக்கு அடுக்காகப் பெட்டிகள், பெட்டிகளுக்குள் விரல் நீளக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் கையெழுத்தில் ஒரு சீட்டு. வால் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.

"'கெட்டுப்போனது.' 'தப்பானது.' 'ரொம்பத் தப்பானது.' 'செத்த ஈ.' 'என்னன்னு தெரியாது.' 'என்னன்னு தெரியாது, பாகம் ரெண்டு.' 'தூக்கிப் போடவும்.' அண்ணி, இது ஃப்ரீசரா, இல்ல எங்க சொந்தக்காரங்க கல்யாண ஆல்பமா?"

"அது எங்க வழக்கம் சார்," என்றாள் மாணவி, கொஞ்சம் வெட்கத்தோடு. "நல்ல பொருளுக்கு நல்ல பேர் எழுதினா பக்கத்து லேப்காரங்க சுட்டுட்டுப் போயிடுவாங்க. அதனால எவ்வளவு உசத்தியோ அவ்வளவு மட்டமாப் பேர் வெப்போம். 'தூக்கிப் போடவும்'னு இருக்கே, அதை வாங்க எட்டு மாசம் காத்திருந்தோம்."

"அப்ப நிஜமாவே கெட்டுப்போனது?"

"அதுக்கு 'மிக முக்கியம்'னு போட்டு முன்னாடி வெச்சிருப்போம். சுட்டா சுடட்டும்னு."

சல்லடை முகத்தில் வந்த சிரிப்பு, நேர்மையான காப்பிக்காரனைக் கண்ட பறக்கும் படையின் சிரிப்பு.

"உன் நஞ்சுக் குப்பிக்கு என்ன பேர் வெச்சிருந்த?"

"'பழைய சோப்புத் தண்ணி' மேடம். நடுத் தட்டுல இருந்துச்சு. மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு திங்கட்கிழமை பார்த்தா இல்ல. சல்லடை போட்டுத் தேடிட்டேன்."

"இப்பதான் சல்லடை வந்திருக்கு," என்றான் வால்.

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் அதை முகத்திலிருந்து துடைத்துக்கொண்டான்.

"குப்பி எப்படி இருக்கும்?"

"எல்லாக் குப்பியும் ஒரே மாதிரிதான் மேடம். சீட்டைக் கிழிச்சு வேற ஒட்டிட்டா கண்டுபிடிக்கவே முடியாது. இங்க ரெண்டாயிரம் குப்பி இருக்கு. ஒவ்வொண்ணையும் சோதிக்க ஒரு வருஷம் ஆகும்."

"நஞ்சு பொடியா, நீரா?"

"பொடியாத்தான் வரும். தண்ணில கரையாது. நாங்க ஸ்பிரிட்ல கரைச்சு வெச்சிருந்தோம்."

சல்லடை ஃப்ரீசரின் கதவில் ஒட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தார். பூஜ்யத்துக்குக் கீழே இருபது.

"வால்."

"சொல்லுங்க அண்ணி."

"எல்லாக் குப்பியையும் ஒரு தடவை ஆட்டிப் பாரு."

"ரெண்டாயிரத்தையுமா? அண்ணி, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"தண்ணின்னு பேர் எழுதினதை மட்டும் ஆட்டு போதும். ஒளிச்சு வெக்கறவங்களுக்கு இந்த வீட்டு வழக்கம் கைல வந்திருக்கும். சோப்புத் தண்ணின்னு இருந்ததுக்கு வேற பேர் வெக்கணும்னா இன்னும் மட்டமாத்தான் வெப்பாங்க. சோப்புத் தண்ணியை விட மட்டம் எது?"

"வெறும் தண்ணி!"

தண்ணீர்க் குப்பிகள் பதினேழு இருந்தன. வால் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினான். கல். கல். கல். விரல் மரத்து, "அண்ணி, அண்ணனுக்குத் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தபோது பதினான்காவது குப்பி 'களக்' என்றது.

அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

சீட்டில், 'குழாய்த் தண்ணி. பழசு.'

"இருபது டிகிரி குளிர்ல எல்லாத் தண்ணியும் கல்லாக் கிடக்கு," என்றார் சல்லடை. "இந்த ஒரு தண்ணி மட்டும் உறைய மாட்டேங்குது. ஸ்பிரிட் இந்தக் குளிருக்கெல்லாம் உறையாது. என்னம்மா, இதானே?"

மாணவி குப்பியை வாங்கித் திருப்பினாள். அடியில் சின்னதாக ஒரு கீறல். "நான் போட்ட கீறல்தான் மேடம்," என்றாள்.

சல்லடை சீட்டின் கையெழுத்தைப் பார்த்தார். ஃப்ரீசர் கதவில் தொங்கிய, ஆய்வக உதவியாளர் எழுதி ஒப்பமிட்ட சுத்தம் செய்யும் முறைப் பட்டியலைப் பார்த்தார். அதே 'ழ', வாலைச் சுழற்றி மேலே கொண்டு போய் முடிச்சுப் போட்ட 'ழ'.

"அக்கா," என்றார் மெதுவாக.

ஃப்ரீசர் அக்கா ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நான் திருடல. சார்தான் குடுத்தாரு. 'இதைத் தூக்கிப் போட்டுடு, யார்கிட்டயும் மூச்சு விடாத'ன்னு. இருபத்திரண்டு வருஷமா இந்த ஃப்ரீசர்ல இருந்து யாரும் எதையும் தூக்கிப் போட்டதில்ல. செத்த ஈயையே போடல. கை வரல மேடம். சீட்டை மாத்திட்டு அடில வெச்சிட்டேன்."

"அக்கா!" என்றாள் மாணவி. "மூணு மாசமா நான் இங்கயே உட்கார்ந்து அழுதேனே!"

"தெரியும் கண்ணு. தினமும் டீ வாங்கிக் குடுத்தேன்ல? எனக்கு ரிட்டையர் ஆக இன்னும் எட்டு மாசம். வாயைத் திறந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

வால் ரப்பர் உறையைக் கழற்றினான். "அண்ணி, நம்ம கட்சிக்காரரே குற்றவாளின்னா ஃபீஸ் யார் தருவாங்க?" என்றான்.

"அதை அப்புறம் பார்க்கலாம்." சல்லடை அக்காவின் தோளைத் தொட்டார். "நீங்க கமிட்டி முன்னாடி ஒண்ணும் சொல்ல வேண்டாம். செல் சொல்லட்டும்." மாணவியிடம் திரும்பினார். "நாலு மணிக்குக் கூட்டம். மூணரைக்கு நஞ்சை விட்டா, நாலுக்குச் சிலந்தி ரெடியா இருக்குமா?"

"இருக்கும் மேடம்."

"இந்த நுண்ணோக்கியையும் கேமராவையும் அப்படியே கூட்ட அறைக்குக் கொண்டு போக முடியுமா? கேமராவை மட்டும் கழட்டவோ துடைக்கவோ கூடாது."

"துடைக்கக் கூடாதா?"

"தூசி மேல கை வைக்காத. மீதி உன் இஷ்டம்."

*

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர். இடப்பக்கம் தாவரவியல் பேராசிரியர், கூட்டம் தொடங்கும் முன்பே கண்ணை மூடியிருந்தார். வலப்பக்கம் பூச்சியியல் பேராசிரியர், ஃபோனில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். மேசையில் பிஸ்கட் தட்டு, அதன் பக்கத்தில் வெளியேற்ற உத்தரவு. தேதி வரை நிரப்பியிருந்தது.

"விசாரணை அறிக்கை வந்தாச்சா?" என்றார் தலைவர்.

"அறிக்கை இருக்கு சார்," என்றார் சல்லடை. "குப்பியும் இருக்கு."

குப்பியை மேசை மேல் வைத்தார். பேராசிரியர் பேய் அறைந்தவர் போல எழுந்தார்.

"அது இருக்க வாய்ப்பே இல்லையே!"

"ஏன் இல்ல?" என்றார் தலைவர்.

"இல்ல... அதாவது... கெட்டுப்போயிருக்கும். கலப்படம். அதுல நஞ்சே இருக்காது."

"பார்த்துடலாமே," என்றார் சல்லடை. "அந்தப் பொண்ணு இந்தக் குப்பில இருந்துதான் அரை மணி முன்னாடி செல் மேல விட்டிருக்கா."

மாணவி சூடான சின்னப் பலகை மேல் செல்கள் இருந்த தட்டை வைத்து, நுண்ணோக்கியைத் திருகினாள். திரை தெளிந்தது. சிலந்திகள். ஒரு பொரித்த முட்டை கூட மிச்சமில்லை.

"நஞ்சு வேலை செய்யுது," என்றார் பூச்சியியல். சிலந்தி என்றதும் அவருக்கு ஆர்வம் வந்திருந்தது.

பேராசிரியர் வியர்வையைத் துடைத்தார். "சரி, நஞ்சு நல்லா இருக்கு. நான் சொன்னது உண்மைன்னு ஆச்சு. விழுந்துடுச்சு பார்த்தீங்களா? கூட்டத்தை முடிச்சிடலாம்."

"கழுவட்டும் சார்," என்றார் சல்லடை. "அவ அப்புறம் எழுந்துடும்னு சொல்றா, நீங்க எழாதுன்னு சொல்றீங்க. முக்கால் மணி நேரம். டீ சொல்லுங்க."

டீ என்ற வார்த்தைக்குத் தாவரவியல் கண்ணைத் திறந்தார். அந்தக் கமிட்டி அன்று ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது.

மாணவி இளஞ்சிவப்புத் திரவத்தால் மூன்று முறை கழுவினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றாள். பத்து நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. பேராசிரியர் பிஸ்கட் எடுத்தார். இருபது நிமிடம். தலைவர் வெளியேற்ற உத்தரவின் மேல் டீக் கோப்பையை வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மாணவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எழுந்திருங்கடா," என்று வால் திரையைப் பார்த்து முணுமுணுத்தான். "வாழ்க்கையில முதல் தடவையா ஒரு புற்றுக்கட்டிக்காக வேண்டிக்கிறேன்."

முப்பத்தோராவது நிமிடம் ஒரு சிலந்தியின் கால் ஒன்று தடித்தது. அதன் ஓரத்தில் மெல்லிய சவ்வு விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கூடாரத்துக்குள் யாரோ கயிற்றை இழுத்துக் கட்டுவது போல, ஒவ்வொரு செல்லாகப் பரந்தது. நாற்பத்தைந்தாவது நிமிடம் திரை முழுக்கப் பொரித்த முட்டை.

மாணவி திரும்பி ஃப்ரீசர் அக்காவைத் தேடினாள். அவர் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் எழுந்தார். "இதை வெச்சு முடிவு பண்றதா? இது என்ன படம்? திரையே சுத்தமா இல்ல. பாருங்க, இங்க ஒரே அழுக்கு!" கைக்குட்டையை எடுத்து வலது மேல் மூலையில் இருந்த புள்ளியைத் துடைத்தார். புள்ளி போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார்.

"போகாது சார்," என்றார் சல்லடை. "காலைல நானும் துடைச்சுப் பார்த்தேன்."

"எங்க?"

"உங்க அறைச் சுவர்ல. வால், கொண்டா."

வால் கதவுக்குப் பின்னாலிருந்து மூன்று சட்டங்களைத் தூக்கி வந்து மேசையில் வரிசையாக வைத்தான். "சார், ஆணி மூணும் அங்கயே பத்திரமா இருக்கு."

"இது திரைல இருக்கற அழுக்கு இல்ல," என்றார் சல்லடை. "கேமராவுக்குள்ள இருக்கற தூசி. தட்டு மாறலாம், செல் மாறலாம், தூசி மாறாது. எந்தப் படம் எடுத்தாலும் வலது மேல் மூலை. இதோ சாரோட முதல் படம், வலது மேல் மூலை. ரெண்டாவது, வலது மேல் மூலை. மூணாவது?"

தலைவர் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு குனிந்தார். "இடது கீழ் மூலை."

"விருது வாங்கின களைப்புல இறங்கி வந்து உட்கார்ந்திருக்கு," என்றான் வால்.

"பதினெட்டு வருஷம் காப்பி பிடிச்சிருக்கேன் சார். காப்பி அடிக்கறவன் சரியான விடையால மாட்டவே மாட்டான். பக்கத்துப் பேப்பர்ல சிந்தின மையையும் சேர்த்து வரைவான் பாருங்க, அதுல மாட்டுவான். மூணாவது படத்தைத் தலைகீழாத் திருப்புங்க."

தலைவர் திருப்பினார். தூசி வலது மேல் மூலைக்குப் போய் உட்கார்ந்தது. கீழே சிலந்திகள், இரண்டாவது படத்தில் இருந்த அதே சிலந்திகள், கால் கணக்குத் தப்பாமல். கழுவவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. ஒரே படம், ஒரு திருப்பு.

அறையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

"அச்சகத்துல பண்ணின தப்பு," என்றார் பேராசிரியர்.

"அச்சகத்துலதான் குப்பியையும் தூக்கிப் போடச் சொன்னாங்களா?" என்றார் சல்லடை. பேராசிரியர் யார் காட்டிக்கொடுத்தது என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். ஃப்ரீசர் அக்கா மிகுந்த கவனத்தோடு பிஸ்கட் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தலைவருக்கு ஒன்று உறைத்தது. "அந்தக் கட்டுரைல நாலாவது பேரா என் பேரும் இருக்கே! எனக்குத் தெரியாம எப்படிச் சேர்த்தீங்க?"

"நீங்கதானே சார் கேட்டு வாங்கினீங்க," என்றார் பேராசிரியர். அன்று முழுக்க அவர் சொன்ன ஒரே உண்மை அது.

தலைவர் அதைக் காதில் வாங்காமல் டீக் கோப்பையை எடுத்தார். வெளியேற்ற உத்தரவில் மாணவியின் பெயர் மேல் வட்டமாக டீக் கறை. அந்தத் தாளை நாலாகக் கிழித்து, பேராசிரியர் பக்கம் திரும்பினார். "கட்டுரையை வாபஸ் வாங்கறதா நாளைக்குக் காலைல கடிதம் என் மேசைல இருக்கணும். மருந்துத் திட்டமும் இன்னியோட நின்னுது. உங்க மேல விசாரணை உண்டு. இந்தப் பொண்ணு இனி பூச்சியியல் சார்கிட்ட முடிக்கட்டும்."

பூச்சியியல் தலையாட்டினார். மாணவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

சல்லடை பையிலிருந்து இரண்டு பக்கத் தாளை எடுத்துப் பேராசிரியர் முன் வைத்தார். எழுத்தெல்லாம் தலைகீழாக இருந்தது.

"என்ன இது?"

"எங்க விசாரணை அறிக்கை சார். நீங்க டைப் பண்ணினதுதான், ஒரு எழுத்து மாத்தல. தலைகீழாத் திருப்பி வெச்சிருக்கேன். உங்க வழக்கப்படி இது புதுசு."

பேராசிரியர் தாளை எடுக்காமலேயே போனார். சட்டங்களையும் எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. தலைவர் மட்டும் மாணவியிடம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினார். "அந்த இருபத்தெட்டு சோதனையையும் எழுதும்மா. நல்ல கட்டுரையா வரும். நாலாவது இடம் ஏதாவது காலியா..."

"அது அக்காவுக்குக் குடுத்தாச்சு சார்," என்றாள் மாணவி.

அவர் போனதும் கேமராவின் மூடியைத் திருகத் தொடங்கினாள். இன்னொரு கையில் ஊதும் ரப்பர்க் குமிழ். "முதல் வேலையா இந்தத் தூசியை எடுத்துடறேன் மேடம். நாலு வருஷமா உறுத்துது."

சல்லடை அவள் கையைப் பிடித்தார்.

"வேண்டாம்மா. விசாரணை முடியற வரைக்கும் அதை அங்கயே விடு. இந்தக் கட்டடத்துல இடம் மாறாம நின்ன ஒரே சாட்சி அதுதான்."